பதினொரு மில்லிமீற்றர்

முன்னெலும்பு இரண்டும்
பதினொரு மில்லிமீற்றர் விலகிக் கிடக்கிறதாம்.
எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
பேனை முனையால் காட்டினார் டொக்டர்.

கதியால் ஒன்றை அரை விரற்கடை தள்ளி நட்டதற்குப்
பதினாறு வருசம் வழக்காடுகிற ஊர் இது.
அந்த எல்லைகளை ரைப் அடிப்பவள் நான்,
நொத்தாரிசு குகதாசனின் கந்தோரில்,
பரப்பும் குளியும் பிசகாமல்.
எனக்குள் எல்லை நகர்ந்ததை
ஏழாம் மாதம் பஸ் படியில் ஒரு கால் வைத்தபோதுதான் அறிந்தேன்.

பிள்ளை பிறந்தால் எல்லாம் சரிவரும் என்றார்கள்.
பிள்ளை பிறந்தான்.

வேது வார்த்தார்கள்.
நொச்சியும் பாவட்டையும் அவிந்த தண்ணீர்
முதுகெல்லாம் இதமாய் இறங்கி
அந்த ஓரிடத்தை மட்டும் தொடாமல் போனது.
சரக்குக் கறி தின்றேன்.
"நாங்களும் பெத்தனாங்கள்தானே" என்றா மாமி.
குத்தலாகச் சொல்லவில்லை,
எனக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னா.
ஐந்து பெற்றவ.
எத்தனையாவதில் அவவுக்கும் நொந்தது என்று
நான் கேட்கவில்லை.

இரவில் எனக்கு நானே எழுதிய உறுதி:
கிழக்கு, பிள்ளை.
மேற்கு, கஜரூபனின் முதுகு.
வடக்கு, தலையணை மூன்று.
தெற்கு, கைக்கு எட்டாத தண்ணிப் போத்தல்.
இதற்குள் அடங்கிய நான் முழுவதும்
பிள்ளையின் பக்கம் திரும்ப வேண்டும்.
முழங்கால் இரண்டையும் ஒட்டி
மூச்சைப் பிடித்து
அலுமாரியை நகர்த்துவதுபோல் என்னை நகர்த்துவேன்.
அதற்குள் அவன் அழுது முடித்திருப்பான்.
நித்திரையில் நீண்டு வரும் கஜரூபனின் கை.
"தொடாதேங்கோ."
இருட்டில் அந்தக் கை எங்கே திரும்பிப் போனதென்று
இன்றுவரை தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் பிசியோ செய்கிற சந்தமாலி
குருநாகல்காரி.
வகுப்பில் "வலிக்குதா" என்றுதான் படிப்பித்தார்களாம்.
இங்கே வந்து எங்கள் சொல்லுக்கு மாறிவிட்டாள்:
"நோகுதா அக்கா?"
பத்துக்கு எத்தனை என்றாள்.
ஒன்பதை விழுங்கி ஆறு என்றேன்.
முகத்தைப் பார்த்துவிட்டு எட்டு என்று எழுதினாள்.

மடித்த துவாயை முழங்கால்களுக்கிடையில் வைத்து
பத்துத்தரம் நெரி.
பட்டியை இறுக்கிக் கட்டு, இன்னும் கீழே, இடுப்பெலும்பில்.
படியை ஒவ்வொன்றாய் ஏறு.
உடுப்பை இருந்துகொண்டு போடு.
சைக்கிள் இப்போது வேண்டாம்.
"ஒற்றைக் காலில் மட்டும் நிக்காதேங்கோ."
கொக்குவில்காரியிடம் இதைச் சொன்னால் எப்படி என்று
நான் சிரிக்க,
சிரித்ததும் நொந்தது.
பகிடி அவளுக்கு விளங்கவில்லை.
கொக்கைப் படமாய்க் கீறிக் காட்டினேன், எக்ஸ்ரே உறையின் பின்னால்.

ரெயில் கடவை வந்ததும்
ஓட்டோ மரியதாஸ் கேட்காமலே மெதுவாக்குவார்,
தேரை இருப்புக்கு விடுகிறவர்போல்.
"எங்கட மனுசி இந்த இடத்தில இறங்கி நடந்துதான் வந்தவ.
நான் அப்ப பேசினனான்."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மீதிக் காசும் வாங்கவில்லை.

எட்டு ஆறானது.
ஆறு கனநாள் ஆறாகவே நின்றது.
மழைக்கு முதல் நாள் திரும்ப ஏழு.
சரியாவதென்பது நேர்கோடு இல்லை,
நிலஅளவையாளரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

ஒன்பதாம் மாதம், ஒரு பின்னேரம்.
புட்டு அவிகிறது.
அவன் குசினி நிலத்தில் அகப்பையோடு தவழ்கிறான்.
இடக்கெண்டையில் நுளம்பு.
வலப் பாதத்தால் சொறிகிறேன்.
நல்லாய்ச் சொறிகிறேன்.
பிறகுதான் கண்டேன்,
நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

எப்போதிருந்து?
எவரிடமும் சொல்லவில்லை.
காலை இறக்கவும் மனமில்லை.
புட்டு கொஞ்சம் கூடுதலாய் அவிந்தது.

எக்ஸ்ரே அலுமாரியில் இருக்கிறது,
சீதனக் காணி உறுதிக்குக் கீழே, கொக்கு வெளியே தெரிய.
நேற்று இரவு
மேற்குப் பக்கமாயும் திரும்பிப் படுத்தேன்.
இரண்டு. இல்லை, மூன்று.

சைக்கிளுக்கு இன்னும் காத்தடிக்கவில்லை.